சிவப்புப் புள்ளி வைத்த பெடல்

மார்ச் 9
(அனுப்பாதது)

தம்பிக்கு,

நேற்று நான் உன்னிடம் சொல்லாதவற்றை எழுதி வைக்கிறேன். இதை அனுப்பப்போவதில்லை. அதனால்தான் எழுத வருகிறது.

உன் குழு மேடையில் வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒரு பெண் இரண்டு காதுகளையும் விரலால் அடைத்துக்கொண்டாள். அதைச் சொல்லவில்லை. நான் பின்சுவரோரம் நின்றிருந்தேன். அங்கேயே உன் கிடார் தகரத்தை ஆணியால் கீறுகிற மாதிரி வந்தது. பாடுகிறவளின் குரல் அதற்கு அடியில் எங்கோ கிடந்தது. அவள் இரண்டு முறை உன்னைத் திரும்பிப் பார்த்தாள். நீ கண்ணை மூடிக்கொண்டு, நல்ல சாப்பாட்டை ருசிக்கிறவன் போலத் தலையை ஆட்டிக்கொண்டு வாசித்தாய். அதையும் சொல்லவில்லை.

இடைவேளையில் நீ தண்ணீர் குடிக்கப் போனதும் மேடையருகே குனிந்து உன் பெடலைப் பார்த்தேன். நான் வாங்கிக் கொடுத்தது. காலால் மிதித்தால் கிடாரின் சத்தத்தை மாற்றுகிற பெட்டி; கடையில் இருந்ததிலேயே விலை குறைந்தது, ஒரு சோப்புப் பெட்டி அளவு. மூன்று குமிழ்கள்: வால்யூம், டோன், டிரைவ். ஓரத்தில் ஒரு குட்டி சுவிட்ச். இந்தப் பக்கம் தள்ளினால் ஓவர்டிரைவ், அந்தப் பக்கம் தள்ளினால் டிஸ்டார்ஷன். நீதான் எனக்குப் புரியவைத்தாய். "ஓவர்டிரைவ்னா கோவம் வர்ற மனுஷன்க்கா. மெல்லத் தட்டினா ஒழுங்காப் பேசுவான், அழுத்தித் தட்டினா குரல் கரகரக்கும். டிஸ்டார்ஷன்னா எப்பவுமே கோவமா இருக்கிற மனுஷன். நீ எப்படித் தட்டினாலும் கத்துவான்." சத்தத்தைக் கூராக்குவதும் மழுக்குவதும் டோன் குமிழின் வேலை. மலிவான பெடல், கொஞ்சம் ஏற்றினாலே கொசு கத்துகிற மாதிரி ஆகிவிடும் என்று மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மயிரிழை மயிரிழையாகத் திருப்பினாய். குமிழைக் கடிகாரமாக வைத்துக்கொண்டால் பத்து மணி, அதுதான் இடம் என்று கண்டுபிடித்தாய். என் நகப்பூச்சை எடுத்து அங்கே சிவப்புப் புள்ளி வைத்தது நான்.

நேற்று புள்ளி அங்கேயே இருந்தது. குமிழ் ஐந்து மணியில் இருந்தது. அதற்கு மேல் திருப்ப முடியாது.

பிறகு ரயில் நிலையம். பின்னாலிருந்து தள்ளுவண்டிக்காரர் "வழி, வழி" என்று கத்திக்கொண்டே வந்தார். நான் உன் சட்டையைப் பிடித்து இழுக்கவேண்டியிருந்தது. "எப்ப வீட்டுக்கு வர்றே?" என்று கேட்டேன். "என்ன?" என்றாய். மறுபடி கேட்டேன். "என்ன?" மூன்றாவது முறை கேட்டேன். "ஆமா" என்றாய்.

எப்போது வருகிறாய் என்று கேட்டால் ஆமாம் என்று பதில் சொல்கிற ஆளை என்ன செய்வது? நான் ஒன்றும் செய்யவில்லை.

"இந்தப் பெடல் செத்துடுச்சுக்கா. எவ்வளவு திருப்பினாலும் மொண்ணையாத்தான் வருது. மலிவா வாங்கினா இப்படித்தான்" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். நான் உன் முகத்தைப் பார்த்துத் தெளிவாக, "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்" என்றேன். அது உனக்குக் கேட்டுவிட்டது.

"அப்ப எனக்கு வாசிக்கத் தெரியலைன்னு சொல்றே."

நான் சொல்லவேண்டியிருந்தது: வாசிக்கத் தெரியும்டா, உன்னால் கேட்கத்தான் முடியவில்லை. ரயில் வந்துவிட்டது. உன் காது போய்க்கொண்டிருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

அப்பாவுக்கும் இப்படித்தான் ஆயிற்று. இருபது வருடம் தகர மூடி அடிக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் நின்றார். "என் காதுக்கென்ன, நீங்கதான் வாய்க்குள்ள முணுமுணுக்கறீங்க" என்று இரண்டு வருடம் நம்மைத் திட்டினார். நாமும் அதை நம்ப விரும்பி உரக்கப் பேசிக்கொண்டிருந்தோம். எதற்கெடுத்தாலும் 'செவிடன் காதில் ஊதிய சங்கு' என்பாளே அம்மா, அப்பாவை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பழமொழியை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. உனக்கு 'ஆன்டெனா' என்று பெயர் வைத்தவர் அப்பா. மாடியில் படுத்துக்கொண்டே கீழே தெருவில் வருகிற அவருடைய சைக்கிளைக் கேட்டு, "செயின்ல எண்ணெய் இல்லப்பா" என்று கத்துவாய்.

கண்ணாடிக் கடையில் என் வேலை, தெரியாததைத் தெரிவதாகச் சொல்கிறவர்களைப் பிடிப்பது. முன்னால் இருக்கும் ஆள் படிக்கும்போதே எழுத்துப் பலகையின் கடைசி வரியை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உட்காருவார்கள். கடகடவென்று ஒப்பிப்பார்கள். எனக்கு உடனே தெரிந்துவிடும். பலகையைத் திருப்பி வேறு எழுத்துகளைக் காட்டுவேன். முகம் மாறும். பாவமாகத்தான் இருக்கும். ஆனாலும் திருப்புவேன்.

நேற்று திருப்பவில்லை.

அக்கா

---

மார்ச் 16

கண்ணாடிக் கடை அரை டாக்டருக்கு,

பார்சலைப் பிரிச்சிருப்பே. உன் பெடலை உனக்கே அனுப்பிட்டேன். கோவத்துல அனுப்பலை. கொஞ்சம் கோவத்துல அனுப்பினேன்.

நீ போனதுக்கப்புறம் பாடறவ எல்லாரையும் உட்கார வெச்சுப் பேசினா. நாங்க ஒத்திகை பார்க்கிற டயர் குடோன்ல, டயர் மேல உட்கார்ந்துதான். "உன் சவுண்டு ஊசி மாதிரி குத்துது. எனக்குத் தலைவலி வருது. இதோட ஸ்டுடியோவுக்குள்ள வராதே"ன்னா. ஜூன் அஞ்சு ரெக்கார்டிங். நாலு பாட்டு, ரெண்டு என்னோடது. மூணு வருஷமா இதுக்காகத்தானே காத்துக்கிட்டு இருந்தோம். ஏப்ரலுக்குள்ள சரி பண்ணலைன்னா வேற ஆளைப் பார்ப்பாளாம். டிரம்ஸ்காரன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். நம்ம பேஸ்காரன் கரண்டி மட்டும், "பெடல் பழசாயிருக்கும், விடு"ன்னான். பேஸ் வாசிக்கிறவன் எப்பவும் நல்லவன். என் ரூம்ல ஓசியில தங்கறான், வேற என்ன சொல்லுவான்.

அவளுக்குக் குத்துது, எனக்கு மழுங்கலா இருக்கு. ஒரே பெடல் எப்படிக்கா ரெண்டு பேருக்கு ரெண்டு விதமா இருக்கும்? அதான் யோசிச்சுக்கிட்டே இருக்கேன்.

உங்க தெருமுனையில மிக்சி, ஆம்ப் எல்லாம் ரிப்பேர் பார்ப்பாரே, அவர்கிட்ட காட்டு. கோளாறு இருக்கா இல்லையா, எனக்கு ஒரே வரி போதும். நீ ஒரு வரி எழுத மூணு பக்கம் சுத்துவே, தெரியும். ஆனா பொய் சொல்ல மாட்டே. அதுக்காகத்தான் உனக்கு அனுப்பறேன். எதுவா இருந்தாலும் உள்ளதை எழுது.

போன் பண்ணாதே. இங்க லைன் சரியில்லை, நீ பேசறது கிணத்துக்குள்ளேர்ந்து வர்ற மாதிரி இருக்கு. மெசேஜும் வேண்டாம். நீ 'சரி'ன்னு அனுப்பினா அது கோவமா சமாதானமான்னே தெரியறதில்லை.

கூடம் கோணல்னு சொன்னதை நான் மறக்கலை.

ஆன்டெனா

---

மார்ச் 28

தம்பிக்கு,

பெடலில்தான் கோளாறு. நீ சொன்னது சரி, நான் சொன்ன பழமொழி தப்பு. திரும்ப வாங்கிக்கொள்கிறேன்.

மெக்கானிக் என் கண்ணெதிரே பின்மூடியைக் கழற்றினார். உள்ளே டோன் பகுதியில் ஒரு கெபாசிட்டர் செத்திருந்ததாம். அதனால்தான் பக்கத்தில் நிற்கிற உனக்கு ஒருமாதிரியும் எதிரே நிற்கிறவர்களுக்கு வேறுமாதிரியும் கேட்டிருக்கும் என்றார். புதிதாக ஒன்று வைத்துவிட்டார். ஐந்து நிமிட வேலை. இனி டோன் குமிழை எங்கே வைத்தாலும் குத்தாது. உன் விருப்பப்படி திருப்பிக்கொள்.

பெட்டிக்குள் பழைய துணியைச் சுற்றி வைத்திருக்கிறேன். சுவிட்ச் உடையக்கூடும், பார்த்துப் பிரி.

அப்பா நன்றாக இருக்கிறார். நேற்று உன் வயதுப் பையன் ஒருவன் தெருவில் கிடார் பையை மாட்டிக்கொண்டு போனான். அப்பா ஜன்னலைத் தட்டி அவனைக் கூப்பிட்டுவிட்டார். அவன் பாவம், திருதிருவென்று விழித்தான்.

சாப்பிடு. சத்தத்தைக் கொஞ்சம் குறைத்து வைத்து வாசி. அது எல்லாருக்கும் நல்லதுதான்.

அக்கா

---

ஏப்ரல் 14

அக்கா, அக்கா, அக்கா,

நீ மனுஷியே இல்லை, தெய்வம்! மெக்கானிக் அதுக்கும் மேல.

சனிக்கிழமை குடோன்ல வாசிச்சோம். முதல் பாட்டு முடிஞ்சதும் பாடறவ மைக்கைக் கீழ வெச்சா. போச்சுடா, திட்டப்போறான்னு நினைச்சேன். "இப்பத்தான் மனுஷன் வாசிக்கிற மாதிரி இருக்கு"ன்னா! அவ வாயிலேர்ந்து இது வர்றது தங்கம் வர்ற மாதிரி. டிரம்ஸ்காரன் குச்சியைத் தூக்கிப் போட்டுப் பிடிச்சான், பிடிக்கலை, டயருக்குள்ள விழுந்துடுச்சு. கரண்டி, "எங்கக்கா எனக்கு ஒரு பனியன்கூட வாங்கித் தந்ததில்லைடா"ன்னு புலம்பறான்.

ஒரே ஒரு விஷயம். எனக்கு என்னவோ இன்னும் கம்பளியைப் போர்த்தின மாதிரிதான் கேக்குது. முன்னைவிட ஜாஸ்தியாவே. டோனை முழுக்கத் திருப்பி, டிரைவையும் ஏத்தி வெச்சேன், போதலை. அதனால ஆம்ப் பெட்டியோட சத்தத்தை எட்டுல வெச்சு, அதுக்கு முன்னாடியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துக்கிட்டேன். காதுக்கு நேரா. இப்ப சரியா இருக்கு. அவங்களுக்கும் குத்தலையாம். எல்லாருக்கும் நல்லதாப் போச்சு.

இப்ப ஒண்ணு சொல்றேன், சிரிக்காதே. நான் பெடலை அனுப்பினப்போ என் மனசுல வேற பயம். காதுதான் போச்சோன்னு. அப்பா மாதிரி. நான் வேலை பார்க்கிற பேனர் கடையிலயும் முதலாளி பின்னாடி நின்னு ரெண்டு தடவை கூப்பிட்டாராம், நான் பேனர் மடிச்சுக்கிட்டே இருந்தேனாம். யார்கிட்டயும் சொல்லலை. காது டாக்டர்கிட்ட சீட்டு வாங்கி வெச்சிருந்தேன், ஏப்ரல் மூணாம் தேதிக்கு. உன் லெட்டர் ரெண்டாம் தேதி வந்துது. படிச்சேன், சீட்டைக் கிழிச்சேன், கரண்டியைக் கூட்டிக்கிட்டுப் போய் ஐஸ்கிரீம் சாப்பிட்டேன். எவ்வளவு நிம்மதி தெரியுமா! கூடம் நிஜமாவே கோணல்தான்க்கா!

கரண்டிக்குத்தான் பைத்தியம் பிடிச்சிருக்கு. "ஃபிரிட்ஜ் கத்துது, கதவை மூடுடா"ங்கறான். ஃபிரிட்ஜ் எங்கேயாவது கத்துமா? அதுக்கென்ன வாயா இருக்கு?

ஆன்டெனா

---

ஏப்ரல் 21

தம்பிக்கு,

உன் கடிதத்தைக் கடையில் வைத்துப் படித்தேன். எதிரே ஒரு பெரியவர் சோதனைக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காத்திருந்தார். "எந்த வரிம்மா?" என்று மூன்று முறை கேட்டிருக்கிறார். எனக்குக் கேட்கவில்லை.

ஒரு காரியம் செய். அந்த டாக்டரிடம் மறுபடி சீட்டு வாங்கு. பெடல் வேறு, காது வேறு. பெடல் சரியானதால் காதைக் காட்டக் கூடாது என்று ஒன்றுமில்லை. என் கடைக்குக் கண் நன்றாகத் தெரிகிறவர்களும்தான் வருகிறார்கள், வருடத்துக்கு ஒருமுறை பார்த்துவிட்டுப் போகிறார்கள். அப்படி நினைத்துக்கொள். நம் குடும்பத்தில் இருக்கிறது. ஒருமுறை காட்டிவிட்டால் எனக்கு நிம்மதி.

ஆம்ப்புக்கு முன்னால் உட்காராதே. நாற்காலியைப் பின்னால் போடு. பஞ்சு வைத்துக்கொள். கடையில் ரப்பரில் சின்னச் சின்ன அடைப்பான்கள் கிடைக்கும், இதோடு ஒரு ஜோடி வைத்திருக்கிறேன். எட்டு வேண்டாம். நாலு போதும். தயவுசெய்து.

ஃபிரிட்ஜ் கத்தும். புது ஃபிரிட்ஜ்களில் கதவு திறந்திருந்தால் மெல்லிய சத்தம் வரும்.

இன்னும் ஒன்று எழுதவேண்டும். நான் பெடலைப் பற்றி எழுதியதில் ஒரு விஷயம் விட்டுப்போயிற்று. நேரில் வரும்போது சொல்கிறேன். இல்லை, ரெக்கார்டிங் முடியட்டும். முடிந்ததும் சொல்கிறேன்.

டாக்டரிடம் போ.

அக்கா

---

ஜூன் 3

அக்காவுக்கு,

ரெண்டு லெட்டர் போட்டே, பதில் போடலை. போன் பண்ணிப் பார்த்திருப்பே, எடுக்கலை. நாலு பாட்டும் தேறணும்னு தினமும் ஒத்திகை. டாக்டர்கிட்ட போகலை. பெடல்லதான் கோளாறுன்னு ஆனப்புறம் எதுக்குப் போகணும்?

நீ அனுப்பின ரப்பரை வெச்சா டிரம்ஸ் மட்டும்தான் கேக்குது. எடுத்துட்டேன்.

மூணு வாரமா இடது காதுல விசில். பிரஷர் குக்கர் மாதிரி விட்டு விட்டு இல்லை, நிக்காம. முதல்ல ஆம்ப்லேர்ந்து வருதுன்னு நினைச்சு ஒயரையெல்லாம் பிடுங்கிப் பார்த்தேன். பஸ்ல போறப்பவும் வந்துது. பஸ்ல ஏது ஆம்ப்.

இது விஷயம் இல்லை. விஷயம் வேற.

நேத்து பெடல்ல மிதிக்கிற பித்தான் சிக்கிக்கிச்சு. கரண்டி பின்மூடியைக் கழட்டினான். அவன் டிப்ளமா எலெக்ட்ரானிக்ஸ், பாஸ் பண்ணலைன்னாலும் படிச்சான். உள்ள பார்த்துட்டு, "இதை யாருடா வெச்சது?"ன்னான். எங்கக்கா ரிப்பேர் பண்ணினான்னேன். அவன் சொன்னது இது: பழசு எல்லாம் அப்படியே இருக்காம். எதையும் கழட்டலையாம். புதுசா ஒண்ணைக் கூடுதலா ஒட்ட வெச்சிருக்காங்களாம், கூரான சத்தத்தையெல்லாம் முழுங்கறதுக்கு. "இது ரிப்பேர் இல்லைடா, பூட்டு"ன்னான்.

பெடல் முதல்லயே நல்லாத்தான் இருந்துதாம்.

அவன் பொய் சொல்றானா, நீ பொய் சொன்னியா? நாளன்னிக்கு ரெக்கார்டிங். இப்பவும் எனக்கு ஒரு வரி போதும்.

தம்பி

---

ஜூன் 9

தம்பிக்கு,

கரண்டி பொய் சொல்லவில்லை.

உன் கடிதம் இன்று காலைதான் கையில் கிடைத்தது. ரெக்கார்டிங் முடிந்து நான்கு நாளாகிவிட்டது. உடனே எழுதுகிறேன்.

மெக்கானிக் பெடலைப் பிரித்து, இரண்டு முனைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமில்லையேம்மா. பச்சைக் குழந்தை மாதிரி இருக்கு" என்றார்.

"சத்தம் ரொம்பக் கூரா வருதுங்க."

"டோனைக் குறைக்கச் சொல்லுங்க. அதுக்குத்தானே குமிழ் வெச்சிருக்கான்?"

"அவன் குறைக்க மாட்டான்."

"அப்ப காதைத்தான் ரிப்பேர் பண்ணணும். அது நம்ம கடையில கிடையாது" என்று சிரித்தார்.

உன்னை விலக்கிவிடுவார்கள் என்று நீ எழுதியிருந்தாய். அதுதான் என் கண்முன் நின்றது. காது போவதை என்னால் தடுக்கமுடியாது, குழு போவதையாவது தடுக்கலாம் என்று நினைத்தேன். "குமிழை முழுசா திருப்பினாலும் கூராகாத மாதிரி பண்ண முடியுங்களா?" என்று கேட்டேன். "பண்ணலாம். எதுக்கு?" என்றார். "அவனுக்குத் தெரியக் கூடாது" என்றேன். பிறகு அரிசி மணி அளவு ஒரு கெபாசிட்டரை இடுக்கியில் எடுத்துப் பற்றவைத்தார். "தம்பிக்கு நல்லது பண்றேன்னு நினைக்கிறீங்களாக்கும்" என்றார். ஆமாம் என்றேன்.

உனக்கு ஏற்கெனவே கேட்காமல் இருந்த சத்தத்தைப் பெடலிலிருந்தே எடுத்துவிட்டேன். நீ என்ன செய்வாய் என்று யோசிக்கவில்லை. நீ ஆம்ப்பை எட்டில் வைத்துப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாய். ஏப்ரலில் அதைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதும் உண்மையை எழுதவில்லை. பாதி எழுதி, ரப்பர் அடைப்பானை வைத்து அனுப்பினேன். ரெக்கார்டிங்கைக் கெடுத்தவளாக இருக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

பெடலை நீ எனக்கு அனுப்பியதே நான் உள்ளதைச் சொல்வேன் என்றுதான். சீட்டு வாங்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாய் என்பது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என்று எழுத வருகிறது. அடித்துவிடுகிறேன்.

உன் காது போய்க்கொண்டிருக்கிறது தம்பி. மார்ச் எட்டாம் தேதியே எனக்குத் தெரியும். மறுநாள் எழுதிய கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். மேலே 'அனுப்பாதது' என்று போட்டிருக்கும்.

நாளைக்கே டாக்டரிடம் போ. நான் வரட்டுமா? வா என்று ஒரு வார்த்தை எழுது.

அக்கா

---

ஜூலை 6

அக்காவுக்கு,

ரெண்டு லெட்டரையும் படிச்சேன். அனுப்பாததை ரெண்டு தடவை.

ரெக்கார்டிங் முடிஞ்சுது. நல்லா வந்திருக்காம். உன் கெபாசிட்டரோடயே வாசிச்சேன். நீ என்ன எழுதுவேன்னு தெரியும், இருந்தாலும் அதைக் கழட்ட மனசு வரலை. நாலு பாட்டு ஆச்சே. ஹெட்போன்ல போட்டுக் கேட்டேன். பாடறவ மூச்சு வாங்கறது, 'ஸ'ன்னு முடியற இடம், ஒண்ணும் வரலை. வார்த்தையெல்லாம் பல்லு போன மாதிரி இருந்துது.

டாக்டர்கிட்ட போனேன். ஒரு பெட்டி மாதிரி அறை, கதவை மூடினா வெளிச்சத்தம் வராது. காதுல ஹெட்போனை மாட்டி, கையில ஒரு பட்டனைக் கொடுத்தாங்க. சத்தம் கேட்டா அழுத்தணும். முதல்ல ஊம் ஊம்னு வந்துது, அழுத்தினேன். அப்புறம் ரொம்ப நேரம் ஒண்ணுமே வரலை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஒரு பொண்ணு உட்கார்ந்து குமிழைத் திருப்பிக்கிட்டே இருந்தா. திருப்பறா, என்னைப் பார்க்கறா, திருப்பறா, பார்க்கறா. அப்பத்தான் புரிஞ்சுது. சத்தம் வந்துக்கிட்டுதான் இருக்கு.

அவ கை அசையறப்பல்லாம் அழுத்திடலாமான்னு தோணிச்சு. உன் கடைக்கு வர்ற ஆளுங்க மாதிரி. பட்டன்மேல விரலை வெச்சுட்டேன். அழுத்தலை.

ரெண்டு காதுலயும் கூரான சத்தமெல்லாம் போயிடுச்சாம். இடது மோசம். போனது வராது, மருந்தில்லை. இருக்கறதைக் காப்பாத்திக்கோ, ஆம்ப், டிரம்ஸ் பக்கமே போகாதேன்னார் டாக்டர். நான் கேட்டேன், "மார்ச்லயே வந்திருந்தா?" அவர் பேப்பரை மடிச்சுக்கிட்டே சொன்னார். "சொல்ல முடியாதுப்பா. கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம். மிஞ்சாமலும் போயிருக்கலாம்."

இதை உனக்கு எழுதறதா வேண்டாமான்னு ஒரு வாரம் யோசிச்சேன். நீ எனக்கு உள்ளதைச் சொல்லலை. நான் சொல்லிட்டேன்.

உன்மேல கோவம்னு சொல்ல முடியலை. இல்லைன்னும் சொல்ல முடியலை. ஏப்ரல்ல ஐஸ்கிரீம் சாப்பிட்டேன் பாரு, அதை நினைச்சாத்தான் தாங்க முடியலை. அவ்வளவு சந்தோஷமா இருந்தேன்க்கா.

வராதே. நான் எழுதற வரைக்கும் எழுதாதே. அப்பாகிட்ட சொல்லாதே.

தம்பி

---

நவம்பர் 23

தம்பிக்கு,

எழுதாதே என்றாய். நான்கு மாதம் எழுதவில்லை. இன்று ஒருமுறை மட்டும்.

கரண்டி போனில் சொன்னான். ஆகஸ்ட் பதினேழாம் தேதி நீ குழுவிலிருந்து விலகினாய். நீயாகத்தான் விலகினாய், யாரும் சொல்லவில்லை என்றான். உன் இடத்தில் வேறு ஒருவர் வாசிக்கிறார். பேனர் கடையில் முதலாளி உன்னை இயந்திரத்திலிருந்து மாற்றி, ஓரம் மடித்து வளையம் அடிக்கிற மேஜையில் போட்டிருக்கிறாராம். வலது காதுக்குக் கருவி வாங்கியிருக்கிறாய், மாட்டிக்கொள்வதில்லை என்றான். அப்பாவிடம் நான் சொல்லவில்லை. "ஆன்டெனா ஏன் வர்றதே இல்லை?" என்று கேட்கிறார். வேலை அதிகம் என்று உள்ளங்கையில் எழுதிக் காட்டுகிறேன்.

நேற்று உன் பார்சல் வந்தது. பெடல் மட்டும் இருந்தது. பழைய துணியை உதறிப் பார்த்தேன், கடிதம் இல்லை. கெபாசிட்டரைக் கழற்றி, பெடலின் முதுகில் டேப் போட்டு ஒட்டியிருந்தாய். டோன் குமிழ் சிவப்புப் புள்ளியில் இருந்தது.

உன் பழைய கிடாரை எடுத்து, சின்ன ஆம்ப்பில் சொருகிப் பார்த்தேன். எனக்கு வாசிக்கத் தெரியாது, ஒரு தந்தியைத் தட்டினேன். மெல்லத் தட்டினால் ஒழுங்காக வந்தது, அழுத்தித் தட்டினால் கரகரத்தது. சுவிட்சைத் தள்ளினேன், எப்படித் தட்டினாலும் கத்தியது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை.

மார்ச் மாதம் நீ கேட்டது ஒரே ஒரு வரி.

பெடலில் கோளாறு எதுவும் இல்லை.

அக்கா